புட்டியில் இருப்பது சமையலுக்கா, தலைக்கா? தீர்ப்பு வந்தும் தீராத அரிப்பு

மட்டாஞ்சேரி (கொச்சி):

அடுப்பங்கரையில் மீன்குழம்பு தாளிக்க எடுக்கப்படும் அதே தேங்காய் எண்ணெய்தான், அரைமணி நேரம் கழித்து குளியலறை வாசலில் உச்சந்தலையிலும் தேய்க்கப்படுகிறது. கேரளத்தின் எந்த வீட்டிலும் இதை யாரும் கேள்வி கேட்டதில்லை. மத்திய கலால் துறை கேட்டது. இந்த எண்ணெய் உணவுப் பொருளா, கூந்தல் எண்ணெயா என்ற அந்த வழக்கு 2009ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடாகப் பதிவானது. இறுதித் தீர்ப்பு 2024 டிசம்பர் 18ஆம் தேதிதான் வெளியானது.

வரி எவ்வளவு என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால், அந்த எண்ணெயைத் தலையில் தேய்க்கும் கோடிக்கணக்கான குடும்பங்களுக்கு உள்ள கேள்வி வேறு. தலை அரிக்கிறது, செதில் உதிர்கிறது, குழந்தையின் தலையில் வட்டமாக முடி கொட்டுகிறது. எண்ணெய் தேய்க்கலாமா, கூடாதா? இதற்கு எந்த நீதிமன்றமும் விடை சொல்ல இயலாது. தோல் மருத்துவம் சொல்லும் விடையோ, வழிவழியாக வந்த வழக்கத்துடன் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை.

சேலத்தில் தொடங்கிய வழக்கு

வழக்கின் வேர் தமிழகத்தில் இருக்கிறது. சேலம் மத்திய கலால் ஆணையருக்கும் மதன் அக்ரோ இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்துக்கும் இடையே எழுந்த தகராறு இது. சிறிய புட்டிகளிலும் பைகளிலும் அடைத்து விற்கப்படும் தூய தேங்காய் எண்ணெயைத் தலையில் தேய்க்கத்தான் மக்கள் வாங்குகிறார்கள்; ஆகவே அது கூந்தல் எண்ணெய் என்பது வருவாய்த் துறையின் வாதம். எண்ணெய் எந்த அளவில் அடைக்கப்பட்டாலும் உணவு எண்ணெய், உணவு எண்ணெயே என்பது உற்பத்தியாளர்களின் வாதம். தீர்ப்பாயம் உற்பத்தியாளர்கள் பக்கம் நின்றது. வருவாய்த் துறை உச்ச நீதிமன்றத்தை நாடியது.

இதற்கிடையே 2009 ஜூனில் மத்திய கலால் வாரியம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. 200 மில்லி லிட்டர் வரையிலான பொட்டலங்களைக் கூந்தல் எண்ணெயாகக் கருத வேண்டும் என்றது அந்தச் சுற்றறிக்கை. 2015 அக்டோபரில் அது திரும்பப் பெறப்பட்டது.

2018 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கியது. சிறு பொட்டலத்தில் இருந்தாலும் அது உணவு எண்ணெயே என்றார் நீதிபதி ரஞ்சன் கோகோய். தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி ஆர். பானுமதி அதை ஏற்கவில்லை. சிறு பொட்டலங்களில் வருவது கூந்தல் எண்ணெயே என்றார். விவகாரம் மூன்று நீதிபதிகள் அமர்வுக்குச் சென்றது.

அப்போதைய தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னா, நீதிபதிகள் சஞ்சய் குமார், ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய அமர்வு வருவாய்த் துறையின் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. சிறு பொட்டலம் என்பது சமையல் எண்ணெய்க்கும் உண்டு, கூந்தல் எண்ணெய்க்கும் உண்டு. அளவை மட்டும் வைத்துப் பொருளின் வகையை முடிவு செய்ய முடியாது என்பது தீர்ப்பின் சாரம். கூந்தலுக்கான பொருள் என்று சிட்டை வாயிலாக அறிவிக்கப்பட்டு, அந்தப் பயனுக்கே உரிய சில்லறைப் பொட்டலமாக விற்கப்பட்டால் மட்டுமே அது கூந்தல் எண்ணெய் ஆகும்.

அதாவது, வாங்குபவர் எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதைவிட, விற்பவர் சிட்டையில் என்ன எழுதியிருக்கிறார் என்பதே சட்டத்துக்கு முக்கியம்.

2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் இந்த வேறுபாட்டின் விலை இன்னும் கூடியது. உணவு எண்ணெய்க்கு 5 சதவீதம். கூந்தல் எண்ணெய்க்கு 18 சதவீதம். 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலின் முன், ஒரு லிட்டருக்குக் குறைவான தேங்காய் எண்ணெய்ப் பொட்டலங்களுக்கு 18 சதவீத வரி விதிக்கும் யோசனை வந்தது. கேரளம் எதிர்ப்புத் தெரிவித்த நிலையில் முடிவு ஒத்திவைக்கப்பட்டது. கடைசியில், 2025 செப்டம்பர் 22 முதல் கூந்தல் எண்ணெய்க்கும் ஷாம்புக்கும் வரி 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இரண்டு எண்ணெய்களுக்கும் இன்று ஒரே வரி. நீதிமன்றத்தில் பதினைந்து ஆண்டுகள் நீடித்த வேறுபாடு, கவுன்சிலின் ஒரே கூட்டத்தில் பொருளற்றுப் போனது.

எண்ணெய்ச் சந்தையின் முகவரி

இந்தத் தீர்ப்பை ஆவலோடு எதிர்நோக்கிய இடங்களில் ஒன்று மட்டாஞ்சேரி. அரண்மனையையும் 1568இல் கட்டப்பட்ட யூத ஆலயத்தையும் காண வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு இது பழம்பொருள் கடைகள் நிறைந்த தெரு. வணிகர்களுக்கோ இது மிளகு, சுக்கு, ஏலம், கொப்பரை, எண்ணெய் ஆகியவற்றின் பழைய சந்தை. கொங்கணியர், குஜராத்தியர், கச்சி முஸ்லிம்கள், தமிழர் எனப் பல மொழி பேசுவோர் தலைமுறைகளாக இங்கே வணிகம் செய்து வந்துள்ளனர். கொச்சி எண்ணெய் வணிகர் சங்கம் இங்கிருந்துதான் இயங்குகிறது. அது வெளியிடும் கொச்சி விலை, தேங்காய் எண்ணெய், கொப்பரை வணிகத்துக்கு ஓர் அளவுகோல். மத்திய அரசின் தென்னை வளர்ச்சி வாரியமும் 1981 முதல் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டே செயல்படுகிறது.

சந்தை கொச்சியில் என்றாலும், எண்ணெய் ஆலைகளில் பெரும் எண்ணிக்கை இன்று தமிழகத்தின் காங்கேயம் வட்டாரத்தில்தான். கேரளத்தின் கடைகளுக்குப் போகும் எண்ணெயில் கணிசமான பங்கு அங்கிருந்தே செல்கிறது.

2025இல் கேரளத்தில் தேங்காய் எண்ணெயின் சில்லறை விலை லிட்டருக்கு 400 ரூபாயைத் தாண்டியது. விலை ஏறும்போது கலப்படமும் ஏறுவது இந்தச் சந்தை கண்ட அனுபவம். 2018ஆம் ஆண்டிலேயே கலப்படம் காரணமாகப் பல பத்து வணிகப் பெயர்களில் விற்கப்பட்ட தேங்காய் எண்ணெயைக் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை தடை செய்தது. இத்தனை விலை கொடுத்து வாங்கும் எண்ணெய், தேய்க்கும் தலைக்கு நன்மை செய்கிறதா என்று குடும்பங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

நூலின் தொடக்கத்திலேயே தென்னை

தென்னையின் மருத்துவப் பெருமைக்குக் கொச்சியில் எழுத்துச் சான்று உண்டு. டச்சுக்காரர்களின் கொச்சி ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், மலபாரின் தாவரங்களைத் தொகுத்து 12 தொகுதிகள் கொண்ட 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' என்ற லத்தீன் நூலை உருவாக்கினார். அதன் முதல் தொகுதி 1678இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியானது. சேர்த்தலைக்கு அருகே வாழ்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும் அதற்குச் செய்தி தந்தவர்கள். அந்தப் பெருநூல் தொடங்குவதே 'தெங்கு' எனப்படும் தென்னையில் இருந்துதான்.

அந்த வைத்தியர்களின் காலத்தில் அரிப்புக்குக் காரணம் தேடும் நுண்ணோக்கி இந்த மண்ணுக்கு வரவில்லை. இன்று காரணம் தெரியும். காரணத்துக்கு ஏற்ப மருந்து மாறும் என்பதும் தெரியும். அரிக்கும் தலைக்கெல்லாம் எண்ணெயே மருந்து என்ற பழக்கம் மட்டும் மாறவில்லை.

பூஞ்சைக்கும் கொழுப்பு வேண்டும்

தமிழில் பொடுகு என்றும் மலையாளத்தில் 'தாரன்' என்றும் சொல்லப்படுவது உலகில் வயது வந்தோரில் ஏறத்தாழ பாதிப் பேரை ஏதாவது ஒரு காலத்தில் வாட்டுவதாக மதிப்பிடப்படுகிறது. இதில் பெரும்பங்கு வகிப்பது மலசீசியா என்ற நுண்ணிய பூஞ்சை. இது வெளியிலிருந்து தொற்றும் நோயன்று. எல்லோருடைய தலையிலும் இயல்பாகவே வாழ்வது.

இதன் இனங்களில் ஒன்றான மலசீசியா குளோபோசாவின் மரபணுத் தொகுதி 2007இல் வெளியிடப்பட்டது. தனக்குத் தேவையான கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்கும் திறன் அதற்கு இல்லை என்பது அப்போது உறுதியானது. தோல் சுரக்கும் எண்ணெய்ப் பசையை அது உடைத்து உண்கிறது. அப்போது மிஞ்சும் ஓலியிக் அமிலம் தோலில் ஊடுருவி, சிலருக்கு எரிச்சலை உண்டாக்குகிறது. தோல் செல்கள் வேகவேகமாக உற்பத்தியாகிக் கொத்தாக உதிர்கின்றன. நாம் தோளில் காணும் வெள்ளைத் துகள் அதுதான். இதே நிலை முற்றி, தோல் சிவந்து, மஞ்சள் நிறப் பிசுபிசுப்பான செதில் படிந்தால் அதைச் செபோரிக் டெர்மடைடிஸ் என்கின்றனர் மருத்துவர்கள். தலையுடன் நில்லாமல் புருவம், மூக்கின் ஓரம், காதின் பின்புறம் ஆகிய இடங்களிலும் அது தோன்றும்.

பூஞ்சைக்குக் கொழுப்பு உணவு என்றால், பொடுகுள்ள தலையில் இரவு முழுவதும் எண்ணெயை ஊறவிடுவது பொருத்தமா? பெரும்பாலான தோல் மருத்துவர்கள் வேண்டாம் என்றே அறிவுறுத்துகின்றனர். எண்ணெய் தேய்த்தவுடன் செதில் படிந்து கண்ணுக்கு மறைகிறது. அரிப்பும் சற்றுத் தணிகிறது. பொடுகு போய்விட்டதாகத் தோன்றும் இந்தச் சில மணி நேரமே பழக்கம் நீடிக்கக் காரணம்.

எனினும் தேங்காய் எண்ணெயை முற்றிலும் குற்றவாளியாக்கவும் முடியாது. மாரிகோ நிறுவன ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைத் தேங்காய் எண்ணெய் குறைத்தது. தாது எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அவ்வாறு குறைக்கவில்லை. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதியாக உள்ள லாரிக் அமிலம் முடியின் உள்ளே செல்லும் தன்மை கொண்டது என்பது அதற்குத் தரப்பட்ட விளக்கம். ஆனால், இது எண்ணெய் விற்கும் நிறுவனம் செய்த ஆய்வு என்பதும், முடியைப் பற்றியதே தவிர உச்சந்தலைத் தோலைப் பற்றியதல்ல என்பதும் கவனிக்கத்தக்கவை.

தோலைப் பற்றிய ஆய்வு 2021இல் வந்தது. போபாலில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தினர் 140 பெண்களின் உச்சந்தலையில் உள்ள நுண்ணுயிர்களை ஆராய்ந்தனர். தேங்காய் எண்ணெய்ப் பயன்பாட்டுக்குப் பின் தோலுக்கு உகந்த நுண்ணுயிர்கள் கூடியதாக அவர்கள் தெரிவித்தனர். ஆய்வு நம்பிக்கை தருகிறது. ஆனால், பொடுகுக்கு மருந்தாக நிறுவப்பட்ட ஷாம்புகளுக்கு மாற்றாக எண்ணெயை முன்வைக்க அது மட்டும் போதாது.

அரிப்பு ஒன்று, காரணங்கள் பல

வீட்டில் முதலில் செய்ய வேண்டியது, பகல் வெளிச்சத்தில் முடியை வகிடு வகிடாகப் பிரித்துத் தோலைப் பார்ப்பது. பார்ப்பவர் வேறொருவராக இருந்தால் நல்லது. கீழ்க்காணும் வேறுபாடுகள் பெரும்பாலும் வெறும் கண்ணுக்கே புலப்படும்.

வறண்ட தோல்: செதில் சிறிதாக, வெண்மையாக, காய்ந்து உதிரும். தலையில் பிசுபிசுப்பு இருக்காது. கை, கால் தோலும் வறண்டிருக்கும். அடிக்கடி கடுமையான ஷாம்பு போடுவோரிடம் இது மிகுதி. எண்ணெய் உண்மையிலேயே உதவுவது இங்கேதான்.

பொடுகு: செதில் சற்றுப் பெரிதாக, எண்ணெய்ப் பசையுடன் இருக்கும். அரிப்பு இருக்கும்; முடி வட்டமாகக் கொட்டாது.

சொரியாசிஸ்: தடித்த, வெள்ளி நிறச் செதில்கள் திட்டுத் திட்டாக இருக்கும். நெற்றியின் முடி எல்லையைத் தாண்டியும் வரும். முழங்கை, முழங்கால், நகங்கள் ஆகியவற்றிலும் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது தொற்றாது.

பேன்: காதின் பின்புறமும் பிடரியிலும் அரிப்பு மிகும். பொடுகை ஊதினால் உதிரும், ஈறு உதிராது. முடித்தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் அதை நகத்தால் இழுத்துத்தான் எடுக்க வேண்டும்.

சாய ஒவ்வாமை: தலைக்குச் சாயம் பூசிய ஓரிரு நாள்களில் கடும் அரிப்பும் வீக்கமும் தோன்றும். காது, கழுத்து, கண் இமை ஆகியவையும் சிவக்கும். பாரா பினைலின் டையமின் என்ற வேதிப்பொருளே இதற்குப் பெரும்பாலும் காரணம். கடையில் விற்கும் 'கறுப்பு மருதாணி'யிலும் இது கலந்திருக்கக்கூடும்.

மயிர்க்கால் அழற்சி: முடியின் அடியில் சிறு சிறு சீழ்க் கொப்புளங்கள் தோன்றும். அடர்த்தியான எண்ணெய், வியர்வை, தலைக்கவசம் ஆகியவை இதை மோசமாக்கும்.

படர்தாமரை: பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகளுக்கு வருவது. வட்டமாகச் செதில் படிந்து, முடி ஒடிந்து, கரும்புள்ளிகளாகத் தெரியும். புழுவெட்டிலும் வட்டமாக முடி கொட்டும். ஆனால், அதில் தோல் வழவழப்பாக இருக்கும்; செதில் இருக்காது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது மிக முக்கியம்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

வறண்ட தோலுக்குக் குளிப்பதற்கு அரைமணி நேரம் முன்பு சிறிதளவு எண்ணெய் தேய்த்து, மென்மையான ஷாம்புவாலோ சீயக்காயாலோ அலசினால் போதும். குளிக்கும் முன் எண்ணெய் தேய்த்துக் கழுவிவிடும் கேரள வழக்கம் இந்த வகையில் நல்லதே. குளித்து முடித்து, ஈரத் தலையில் எண்ணெய் தடவி, இறுகப் பின்னி நாள் முழுவதும் விடும் வழக்கமே தொல்லை தரும். தமிழகத்தின் பல வீடுகளில் பள்ளி செல்லும் சிறுமியருக்கு இதுவே நடைமுறை. இடவப்பாதி எனக் கேரளத்தார் கூறும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஈரக் கூந்தல் உலர நெடுநேரம் ஆகும் நாள்களில், இதைத் தவிர்ப்பது நல்லது.

பொடுகுக்கு மருந்துக் கடைகளில் கிடைக்கும் 2 சதவீத கீட்டோகொனசோல் ஷாம்பு பயனுள்ளது. வாரம் இருமுறை, இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை பயன்படுத்த வேண்டும். பலர் செய்யும் தவறு, நுரை வந்ததும் கழுவிவிடுவது. மருந்து தோலில் மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் இருந்தால்தான் வேலை செய்யும். முடிக்குத் தேய்ப்பதைவிட உச்சந்தலைத் தோலில் படும்படி தேய்க்க வேண்டும். குணமான பின்பும் ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பயன்படுத்தினால் பொடுகு திரும்புவது குறையும். செலினியம் சல்ஃபைடு, சாலிசிலிக் அமிலம், தார் ஆகியவை கலந்த ஷாம்புகளும் உள்ளன. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளின் தாய்மாரும் மருத்துவரைக் கேட்டே இவற்றைப் பயன்படுத்த வேண்டும்.

பொடுகு பூஞ்சையின் இயல்பால் வருவது; முற்றாக ஒழிப்பது இயலாது, கட்டுக்குள் வைப்பதே இயலும். 'ஒரே வாரத்தில் நிரந்தரத் தீர்வு' என்று எந்த விளம்பரம் சொன்னாலும் ஐயத்துடன் அணுக வேண்டும்.

சொரியாசிஸ் செதிலை எண்ணெய் ஊறவைத்து இளக்கிய பின் கழுவலாம். ஆனால், அது மருந்துக்கு வழிவிடும் ஏற்பாடு மட்டுமே. சிகிச்சையை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பிறந்த குழந்தையின் தலையில் படியும் மஞ்சள் நிற ஏட்டுக்கும் இதே முறை பொருந்தும். சிறிது எண்ணெய் தடவி, இளகியதும் மெதுவாகத் துடைத்துக் கழுவினால் போதும். அதைப் பிய்த்தெடுக்கக் கூடாது. சில மாதங்களில் அது தானாகவே மறையும்.

பேனுக்கு, ஈரத் தலையில் வழுக்கும் பொருளைத் தடவி நெருங்கிய பல்லுள்ள பேன்சீப்பால் மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை, இரண்டு வாரம் வாரி எடுப்பது மருந்தில்லா வழி. இதற்குத் தேங்காய் எண்ணெய் நன்றாகவே உதவும். 1 சதவீத பெர்மெத்ரின் திரவத்தை 10 நிமிடம் வைத்துக் கழுவி, 7 முதல் 10 நாள்களுக்குள் மீண்டும் ஒருமுறை பயன்படுத்துவது மருந்து வழி. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இது கூடாது. வீட்டில் உள்ள அனைவரின் தலையையும் ஒரே நாளில் பார்க்காவிட்டால், பேன் ஒரு தலையிலிருந்து மற்றொன்றுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

எண்ணெய் தோற்கும் இடம்

வீட்டு வைத்தியத்தால் உண்மையான இழப்பு நேரும் இடம் குழந்தைகளின் படர்தாமரை. இந்தப் பூஞ்சை முடியின் வேருக்குள் புகுந்துவிடுகிறது. மேலே தடவும் எந்த எண்ணெயும், களிம்பும், ஷாம்பும் அங்கே எட்டாது. குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவர் தரும் கிரிசியோஃபுல்வின் அல்லது டெர்பினாஃபைன் மாத்திரையை நான்கு முதல் எட்டு வாரங்கள் வரை உட்கொண்டால்தான் குணமாகும்.

வெங்காயச் சாறு, பூண்டு, எண்ணெய் என்று வாரங்கள் கழிந்தால், சில குழந்தைகளுக்கு அந்த இடம் வீங்கி, சீழ் கோத்துக் கட்டியாகிறது. அது ஆறிய பின் தழும்பு விழுந்து, அந்த இடத்தில் முடி மீண்டும் முளைக்காமலே போகக்கூடும். இடையே சீப்பும் துண்டும் தொப்பியும் வழியாக உடன்பிறந்தோருக்கும் வகுப்புத் தோழர்களுக்கும் தொற்று பரவுகிறது.

இன்னொரு ஆபத்து, மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்பு. ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, கிருமிக்கொல்லி மூன்றும் சேர்ந்த இந்தக் களிம்புகள் இரண்டே நாளில் அரிப்பை அடக்கும். ஆனால், ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பாற்றலைக் குறைப்பதால் பூஞ்சை உள்ளுக்குள் பரவும். நோயின் தோற்றமும் மாறி, மருத்துவரே அடையாளம் காணத் திணறும் நிலை ஏற்படும். தோல் மருத்துவர்கள் தொடர்ந்து வலியுறுத்தியதை அடுத்து, 2018இல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளை 'எச்' அட்டவணையில் சேர்த்தது. மருத்துவர் சீட்டின்றி அவற்றை விற்கக் கூடாது. ஆனால் சட்டம் கடை மேசை வரை வந்து நின்றுவிடுகிறது. சீட்டில்லாமல் கேட்பதை நிறுத்த வேண்டியது மக்களே.

பேனைக் கொல்ல மண்ணெண்ணெய் தேய்ப்பதும், புண்ணான தலையில் எலுமிச்சைச் சாறோ பூச்சிக்கொல்லியோ தடவுவதும் ஒருபோதும் கூடாதவை. முதலாவது தோலைப் பொசுக்கும். அடுப்பருகே சென்றால் உயிருக்கே உலை வைக்கும்.

சிட்டையில் பார்க்க வேண்டியவை

சிட்டையே பொருளின் வகையைத் தீர்மானிக்கிறது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பின், நுகர்வோரும் அதைப் படிப்பதே முறை. உணவு எண்ணெய் எனில், உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பொருந்தும். கூந்தல் எண்ணெய் எனில் அது அழகுசாதனப் பொருள். 1940ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வரும். அதன் உட்பொருள் பட்டியலில் தாது எண்ணெய், நறுமணப் பொருள், நிறமி ஆகியவை உள்ளனவா என்று பார்க்க வேண்டும். தாது எண்ணெய் நஞ்சல்ல. ஆனால் அது தேங்காய் எண்ணெயும் அல்ல. நறுமணப் பொருளோ ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அரிப்பைத் தூண்டக்கூடியது. அரிக்கும் தலைக்கு மணமூட்டிய எண்ணெய் ஏற்றதன்று.

தலைச் சாயத்தின் சிட்டையில், தோல் எரிச்சல் ஏற்படலாம் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்துடன் வட்டார மொழியிலும் இடம்பெற வேண்டும் என்பது விதி. முதன்முறை பூசும்முன் காதின் பின்புறம் சிறிதளவு தடவி 48 மணி நேரம் பார்க்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். முன்பு ஒத்துக்கொண்ட சாயம் பின்னாளில் ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு.

வழுக்கையைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கோரக் கூடாது என 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை தடை விதித்துள்ளது. இருந்தும் முடி வளர்க்கும் எண்ணெய் விளம்பரங்கள் குறைந்தபாடில்லை.

எப்போது காத்திருக்கக் கூடாது?

பொடுகு ஷாம்புவை முறையாக நான்கு வாரம் பயன்படுத்தியும் அரிப்பு குறையாவிட்டால் மருத்துவரைக் காண வேண்டும். குழந்தையின் தலையில் செதிலுடன் வட்டமாக முடி கொட்டினால், சீழ் அல்லது வலியுள்ள வீக்கம் இருந்தால், கழுத்தில் நெறி கட்டினால், காய்ச்சல் வந்தால், தழும்புடன் முடி உதிர்ந்தால் நான்கு வாரமும் காத்திருக்கக் கூடாது. சாயம் பூசிய பின் முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். நேரில் செல்ல இயலாதோருக்கு மத்திய அரசின் 'இ-சஞ்சீவனி' தொலைமருத்துவச் சேவை கட்டணமின்றி உள்ளது. என்றாலும், படர்தாமரை போன்றவற்றில் செதிலையும் முடியையும் சோதித்துப் பார்க்க நேரில் செல்வதே உகந்தது.

வரி விகிதத்தை மாற்ற ஜிஎஸ்டி கவுன்சில் கூடினால் போதும். வீட்டுப் பழக்கத்தை மாற்ற அப்படியொரு கவுன்சில் இல்லை. 400 ரூபாய் கொடுத்து வாங்கிய எண்ணெயை மகளின் தலையில் ஊற்றும்முன் ஒரு நிமிடம் முடியைப் பிரித்து வெளிச்சத்தில் பார்க்கும் தாயோ, தந்தையோ, பாட்டியோதான் அதைச் செய்ய வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் தெரிவது வறண்ட தோல் என்றால் எண்ணெய் தேய்க்கலாம். வட்டமாய் ஒடிந்த முடி என்றால், எண்ணெய்ப் புட்டியை மூடிவைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.